ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்

எட்டு சிலிண்டர் எஞ்சினை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதித்தான் சில வருடம் சம்பளம் வாங்கினேன்.

விருதுநகரிலிருந்து சூலக்கரைக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே வரிசையாக மனு எழுதிக்கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் பட்டா கேட்டும், உதவித்தொகை கேட்டும் வருகிறவர்களுக்கு அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். மேலே நாங்கள் அமெரிக்காக்காரர்களுக்கு எழுதினோம். அங்கே எந்தக் கம்பெனியின் பிக்கப் லாரி நல்லது, எதன் எஞ்சின் உழைக்கும், எது அதிகச் சுமை இழுக்கும் என்று கட்டுரை கட்டுரையாக. கட்டுரையை வாங்கிப் போடுகிற அந்த ஊர் இணையதளங்கள் ஆளனுப்பி விசாரிப்பதில்லை. எழுதியவள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் மாறி வருகிறவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனதும் நான்தான். அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தாள். படித்து முடித்துப் பட்டறை, ஷோரூம், பஸ் டிப்போ என்று ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் என் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கு இங்கன என்னத்தா வேலை" என்று ஒருவர் நேராகவே கேட்டார். மற்றவர்கள் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கடைசியில் வேலை கொடுத்தது இந்த மாடி அலுவலகம்தான். "எஞ்சின் தெரிஞ்ச ரைட்டர் கிடைக்கிறது கஷ்டம்மா" என்றார் முதலாளி. அவரை எல்லோரும் சார் என்போம். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை ரொம்ப நாள் நல்லவர் என்று நினைத்திருந்தேன்.

ஆரம்பத்தில் வேலை பிடித்துத்தான் இருந்தது. அமெரிக்காவில் பிக்கப் லாரி செய்கிற பழைய கம்பெனிகள் மூன்று. மூன்றுக்கும் மூன்று புத்தி. ஒரு கம்பெனி எட்டு சிலிண்டரை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் டீசலும் பெட்ரோலும் மிச்சப்பட வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கவே, சுமையில்லாமல் சீராக ஓடும்போது எட்டில் நான்கு சிலிண்டர் தானே வேலையை நிறுத்திக்கொள்ளும்படி செய்தது. இன்னொரு கம்பெனி எட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு சிலிண்டரில் காற்றை அழுத்தித் தள்ளுகிற இரண்டு டர்போவை மாட்டி, உடம்பையும் அலுமினியத்தில் செய்தது. மூன்றாவது கம்பெனி சிலிண்டருக்குள் எரிபொருள் எரிகிற அறையின் வடிவத்தைக் காட்டியே காலம் தள்ளியது. இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குப் பசியே எடுக்காது. கல்லூரியில் ஒரே ஒரு பழைய ஜீப் எஞ்சினைக் கூண்டுக்குள் வைத்துக் காட்டினார்கள். அதையும் தொட விடவில்லை. இங்கே திரையில் ஒவ்வொரு போல்ட்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

பிறகு, வண்டி வாங்கியவர்கள் எழுதியிருப்பதைப் படிக்கத் தொடங்கினேன்.

நான்கு சிலிண்டரை நிறுத்துகிற எஞ்சினில், வால்வைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர் என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. நம் கட்டைவிரல் அளவுதான். நிறுத்தவும் ஓட்டவுமாக அதன்மேல் வேலை ஏறிப்போய், சில வண்டிகளில் அது ஒருநாள் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கீழே சுழன்று அதைத் தூக்குகிற கேம் தண்டையும் அரித்துவிடும். குதிரைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறிய ஒருவர், வழியில் எஞ்சின் உடைந்து, குதிரைகளோடு வெயிலில் நின்ற கதையை எழுதியிருந்தார். அதைப் படித்து எனக்குப் பாவமாக இருந்தது. அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் அருவருப்பு வந்தது. ஒருவர்கூட அந்த மனிதனைப் பார்த்துக் குதிரைகளுக்கு என்னவாயிற்று என்று கேட்கவில்லை. ஆயில் மாற்றாத சோம்பேறி என்றார்கள். எதிர்க் கம்பெனியின் கைக்கூலி என்றார்கள். இங்கே நடிகர்களுக்காக அடித்துக்கொள்கிற ரசிகர்கள் எவ்வளவோ தேவலாம். எதிர்க் கம்பெனியின் சின்னத்தின்மேல் ஒரு பையன் மூத்திரம் பெய்வது போன்ற படத்தை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அதைப் புகைப்படம் எடுத்தும் போட்டிருந்தார்கள். பேரன் பேத்தி எடுத்த ஆட்கள். இரும்புக்காகவும் அலுமினியத்துக்காகவும் இவ்வளவு வெறுப்பா என்று கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் போய் நின்றேன்.

என் கட்டுரையில் அந்த லிஃப்டரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். சார் அதை எடுத்துவிட்டார். அடுத்த கட்டுரையில் மறுபடி எழுதினேன். என்னைக் கூப்பிட்டார்.

"நீ மெக்கானிக்கா, ரைட்டரா?"

"உள்ளதைத்தானே சார் எழுதியிருக்கேன்."

"உள்ளத எழுதுறதுக்கு அவனுக்கு நாம எதுக்கு? காலையில இந்தக் கம்பெனி ஒசத்தின்னு எழுது. மத்தியானம் அந்தக் கம்பெனி ஒசத்தின்னு எழுது. ரெண்டு பேருமே காசு குடுக்கான். நடுவுல நிக்கிற நமக்கு என்ன நோவுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல். அன்றிலிருந்து அந்தப் பல்லைப் பார்த்தாலே எனக்கு ஒருமாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளில் சார் தமிழிலும் ஒரு வீடியோ சேனல் தொடங்கினார். பழைய வண்டி வாங்கலாமா, எந்த எஞ்சின் நல்லது என்கிற மாதிரி வீடியோக்கள். அதற்குக் குரல் கொடுக்க ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். அவளுடைய அம்மா மிஷன் பள்ளிக்கூட டீச்சர். அவள் சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவள். அந்தக் குரலில் என்ன சொன்னாலும் நம்பத் தோன்றும். "டர்போ" என்று அவள் சொன்னால் ஏதோ நல்ல மருந்தின் பெயர்போல இருக்கும். என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். வண்டியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அதை அவள் மறைக்கவும் மாட்டாள்.

சேனலுக்குப் பெரிய விளம்பரம் கொடுத்தவர் மதுரையில் பழைய கார் விற்கிற ஒரு வியாபாரி. அவரிடம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெரிய டீசல் வண்டிகள் நிறைய தேங்கி நின்றன. ஏழு பேர் உட்காரலாம். பிக்கப் லாரிக்குப் போடுகிற இரும்புச் சட்டத்தின்மேலேயே கட்டிய வண்டி. அந்தக் கம்பெனி நம் நாட்டில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அதனால் வாங்க ஆள் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் வீடியோவின் வேலை.

அந்த எஞ்சினில் வால்வுகளை இயக்குகிற பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். வழக்கமான எஞ்சினில் பெல்ட் வெளியே இருக்கும், அல்லது உள்ளே சங்கிலி இருக்கும். இது ரப்பர் பெல்ட்டை ஆயிலில் முக்கி ஓட்டுகிற புதுப் பழக்கம். சத்தம் குறையும், உராய்வு குறையும் என்று கண்டுபிடித்தார்கள். ஆயில் கெட்டுப்போனால், அல்லது அதில் டீசல் கலந்தால், ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த தூள் அடியில் இருக்கிற ஆயில் சல்லடையை அடைக்கும். அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் ஏறாது. அப்புறம் பேச ஒன்றுமில்லை. வேறு நாட்டு வண்டிக்காரர்கள் இதைப் பற்றிப் புலம்பியதையெல்லாம் படித்திருந்தேன். நம் வெயிலுக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

பக்கத்து அறையில் அந்தப் பெண் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயிலுக்குள்ளேயே ஓடுற பெல்ட். அதனால தேயவே தேயாது. ஆயில் விளக்கு விட்டுவிட்டு எரிஞ்சா பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது சென்சார் கோளாறுதான்."

எழுந்து போனேன். "இந்தக் கடைசி வரியை மட்டுமாவது எடுத்துருங்க சார். ஆயில் விளக்கு எரிஞ்சா வண்டியை நிறுத்தணும். எந்த வண்டியா இருந்தாலும் நிறுத்தணும்."

"வியாபாரி கேட்டுக்கிட்ட வரிம்மா அது. நெறைய வண்டியில எரியுதாம்" என்றார் சார்.

நிறைய வண்டியில் எரிகிறதாம். அதனால் பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம். அந்தப் பெண் என் முகத்தையும் சாரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

இந்த வீடியோவைத்தான் என் அத்தான் பார்த்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். சொந்தமாக ஒரு வேன் வைத்து, சுற்று வட்டார ஊர்களிலிருந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய்விட்டுக் கூட்டிவருவார். என் அம்மாவும் அந்த வேனில்தான் வேலைக்குப் போனாள். நல்ல மனிதர். குடிக்க மாட்டார். அக்காவைக் கைநீட்டி அடித்ததில்லை. அவருக்கு ஒரே ஆசை, தீபாவளிச் சீசனில் வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வருகிற பார்ட்டிகளைப் பெரிய வண்டியில் வைத்துக் கூட்டிப்போக வேண்டும். "வேன்காரன்னா வெளியில நிக்கச் சொல்றாக. பெரிய வண்டி வச்சிருந்தா உள்ள வந்து டீ குடிங்கன்னு சொல்லுதாக" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கறிச்சோறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செல்போனை என் முன்னால் நீட்டினார். கேட்டது எங்கள் அலுவலகப் பெண்ணின் குரல்.

"இந்த வண்டி எப்படி புள்ள? அமெரிக்கா லாரிச் சட்டமாம்ல."

"வேண்டாம் அத்தான். கம்பெனியே நம்ம நாட்ட விட்டுப் போயிருச்சு. சாமான் கிடைக்காது. எஞ்சினுக்குள்ள ஒரு பெல்ட் ஓடுது, அது உதிர்ந்துச்சுன்னா…"

"அது தேயாதுன்னு இந்தப் புள்ள சொல்லுதே."

"அந்தப் புள்ளைக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது அத்தான். எங்க ஆபீசுலதான் இத எடுக்காக. காசு வாங்கிட்டுப் பேசுறது."

அத்தான் சிரித்தார். அக்கா ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள்.

"நீ எழுதுறது அமெரிக்காக்காரனுக்கு தாயி. இது நம்மாளு நம்ம பாசையில சொல்லுறது. எம்புட்டுப் பேரு பாத்திருக்காக பாரு. அம்புட்டுப் பேருமா முட்டாப்பய?"

"எத்தனை பேர் பார்த்தா என்ன அத்தான்…"

"உங்க ஆபீசு அவ்வளவு பொய்யின்னா நீ ஏன் அங்க போயிச் சம்பளம் வாங்குற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கா, "சாப்பிடும்போது என்னங்க இது" என்று பேச்சை மாற்றினாள்.

வேனை விற்றுவிட்டு அந்த வண்டியை வாங்கினார். கறுப்பு நிறம். முன்னால் மினுமினுவென்று பெரிய சல்லடை போல இரும்பு முகம். மாரியம்மன் கோவில் முன்னால் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு எடுத்தார். அம்மா ஏறுவதற்குப் படி உயரமாக இருந்ததால் அத்தான் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். உள்ளே உட்கார்ந்து அம்மா சீட்டைத் தடவிப் பார்த்தாள். "மெத்தை மாதிரியில்ல இருக்கு" என்றாள். தெருவே நின்று பார்த்தது. நான் பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் தார் மாதிரி இருந்தது. "நல்ல நாளும் அதுவுமா அழுக்குல கை வைக்காத" என்று அத்தான் குச்சியை வாங்கிச் சொருகினார்.

சீசன் தொடங்கியது. பார்ட்டிகள் வந்தார்கள். அத்தானை உள்ளே கூப்பிட்டு டீயும் கொடுத்தார்கள் என்று அக்கா சொன்னாள். நான் சொன்னது தவறாகிப் போனால் நல்லதுதான் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலீஷ் மட்டுமே பேசுகிற ஒரு பார்ட்டி வருகிறார், கூட வந்து பேச முடியுமா என்று அத்தான் கேட்டார். போனேன். விருதுநகர் ஸ்டேஷனில் அவரை ஏற்றிக்கொண்டு சிவகாசி வழியாக வெம்பக்கோட்டைப் பக்கம் போனோம். வடக்கே பல கடைகள் வைத்திருக்கிறவராம். தடித்த மனிதர். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் மைத்துனன் அமெரிக்காவில் இதே கம்பெனியின் பிக்கப் லாரிதான் வைத்திருக்கிறான், எதிர்க் கம்பெனி வண்டியைத் தன் வாசலில்கூட நிறுத்த விடமாட்டான் என்று பெருமையாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அத்தானுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இரண்டு கம்பெனிகளில் சரக்குப் பார்த்து முடித்தோம். வெம்பக்கோட்டை அணைக்கட்டைத் தாண்டி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் திரும்பும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று மினுக்கியது. எண்ணெய்க் கிண்ணம் போன்ற அந்தச் சின்னம். அணைந்தது. மறுபடி எரிந்தது.

"அத்தான், ஆயில் விளக்கு எரியுது. ஓரமா நிறுத்துங்க."

"அது சென்சார் கோளாறு. ரெண்டு நாளா எரியுது."

"ரெண்டு நாளாவா? எஞ்சினை ஆஃப் பண்ணுங்க அத்தான்."

"அதான் வீடியோவுலயே சொன்னாகளே, பயப்பட வேண்டாம்னு." குரலைத் தாழ்த்தினார். "பார்ட்டி இருக்காரு. சும்மா இரு தாயி."

பார்ட்டி என்ன என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவரும் கையை வீசி, இந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, இரும்பு இரும்பு என்றார். இப்போது விளக்கு அணையவே இல்லை. முன்னாலிருந்து தகரத்தில் ஆணி உருள்வது போல ஒரு சத்தம். நான் பின்னாலிருந்து அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் காலை எடுப்பதற்குள் எஞ்சின் அப்படியே இறுகி நின்றுவிட்டது.

எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்கும் நாலு மடங்கு அழுத்தினால்தான் கேட்கும். எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. அத்தான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை முறுக்கினார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சீமைக்கருவேலம் புதருக்குள் நுழைந்து, ஒரு கல்லில் மோதி நின்றது. கண்ணாடி முழுக்க முள். எனக்கு நெற்றியில் இடித்தது. பார்ட்டிக்கு மூக்கில் ரத்தம். அத்தானின் வலது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் அதைப் பார்க்காமல், "பார்ட்டிக்கு என்னாச்சு, பார்ட்டிக்கு என்னாச்சுன்னு கேளு" என்றுதான் என்னிடம் சொன்னார்.

வேன் நின்றது. கையெல்லாம் பட்டாசு மருந்து படிந்த பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் சீசனில் வேலை உண்டு. ஒருத்தி தன் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை என் முகத்தில் தெளித்தாள். இன்னொருத்தி முந்தானையைக் கிழித்து அத்தானின் கையைக் கட்டினாள். பார்ட்டி கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு புதரிலிருந்து வெளியே வந்தார். அந்தப் பெண்களையோ அத்தானையோ பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என்னிடம் இங்கிலீஷில், "உங்கள் ஆட்களுக்கு நல்ல வண்டியை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்றார். பிறகு போன் பேசி வேறு காரை வரவழைத்துப் போனார். அவர் என்ன சொன்னார் என்று அத்தான் கேட்டார். கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றேன்.

வண்டியை இழுத்துக்கொண்டுபோய்ச் சிவகாசியில் ஒரு பட்டறையில் போட்டோம். அடித்தொட்டியைக் கழற்றியபோது நானும் இருந்தேன். ஆயில் சல்லடையில் கறுப்பாக, தோசைக்கல்லில் சுரண்டிய கரி போல, ரப்பர் தூள் அப்பியிருந்தது. ஒரு துளிகூட உள்ளே போக வழியில்லை. பெல்ட்டை வெளியே எடுத்தபோது அது ஊறவைத்த புளிபோலக் கையில் பிசுபிசுத்தது. நான் எத்தனையோ முறை திரையில் படித்த சங்கதி. மூக்குக்கு நேராக அந்த நாற்றத்தோடு இப்போதுதான் பார்த்தேன். யார் யோசித்தது இது? எந்த ஊரில், எந்தக் குளுகுளு அறையில் உட்கார்ந்து, ரப்பரை எண்ணெயில் போட்டு ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள்? அவர்கள் வண்டியில் அவர்களுடைய தங்கச்சி போகமாட்டாளா?

சாமானுக்கு அலைந்தோம். மதுரையில் அந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது வேறொரு கம்பெனி கார் விற்றது. வியாபாரி, ஓட்டத் தெரியாமல் ஓட்டியதற்கு நான் பொறுப்பில்லை என்று போனை வைத்துவிட்டார்.

அந்த அலைச்சல் முடிந்த மறுநாள் அலுவலகத்தில் நேராகச் சாரிடம் போனேன். நெற்றியில் பிளாஸ்திரி. நடந்ததைச் சொன்னேன். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன். குரல் கொடுத்த பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

சார் முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறை "அடடா" என்றார். முடிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்த பெல்ட் இருக்கா? தூரப் போட்டுறலையே?"

"எதுக்கு சார்?"

"'இந்த வண்டியை வாங்காதீர்கள்'னு ஒரு வீடியோ போடுவோம். பெல்ட்டைக் கையில பிடிச்சுக் காட்டணும். உங்க அத்தானக் கட்டோட உக்கார வச்சுப் பேச விடுவோம். மத்தக் கம்பெனிக்காரன் ரொம்ப நாளா விளம்பரம் தரேங்கான். அவனுக்கு இதுதான் சரியான வீடியோ."

"அப்ப பழைய வீடியோவ எடுத்துருவீங்களா?"

"அத ஏன் எடுக்கணும்? அதுபாட்டுக்கு ஓடுது. அதப் பாத்தவன் இதையும் பாப்பான்."

கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குப்பைத்தொட்டிக்குள் தெரியாமல் கையை விட்டது போல, கையைக் கழுவ வேண்டும் என்றுதான் தோன்றியது. அத்தான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று மட்டும் சொன்னேன்.

அத்தான் ஒத்துக்கொண்டார். சார் அவருக்கு நேராகவே போன் செய்திருக்கிறார். அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் குளித்து, சலவைச் சட்டை போட்டு, கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார். அக்கா ஒரு ஓரமாக நின்றாள்.

"அத்தான், இதே ஆளுதான் அந்த வீடியோவையும் எடுத்தது. வெளக்கு எரிஞ்சா பயப்பட வேண்டாம்னு சொல்ல வச்சது இவருதான்."

"தெரியும் தாயி. அவுகளே சொன்னாக. தெரியாம நடந்துபோச்சு, உங்க வாயாலயே நாலு பேருக்கு நல்லது சொல்லுங்கன்னு மரியாதையா கேட்டாக." கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். "நாலு பேரு பாத்தா ஏதாச்சும் வழி பொறக்குமில்ல."

அக்காதான் கேட்டாள். "வீடியோவப் பாத்துக் கெட்டது போதாதாங்க? நீங்களும் அதுக்குள்ள போயி உக்காரணுமா?"

அவர் கேட்கவில்லை. பட்டறையில் செத்துக் கிடந்த வண்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். இடது கையில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி பேசினார். கடைசியில் வேறொரு கம்பெனி வண்டியின் பெயரைச் சொல்லி, அதை வாங்கியிருக்கலாம் என்று சொல்லச் சொன்னார்கள். அந்த வண்டியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. சொன்னார். குரல் கொடுத்த பெண் அன்று உடம்பு சரியில்லை என்று வரவில்லை. அதன்பிறகு அவள் வரவே இல்லை.

நானும் அந்த வாரத்தோடு நின்றுவிட்டேன். "இந்த ஊர்ல உனக்கு வேற எவன் வேலை தருவான்?" என்று சார் கேட்டார். நான் படியிறங்கினேன்.

வீடியோ ஓடியது. கீழே வந்து விழுந்த பேச்சுகளைப் படித்தேன், படிக்கக் கூடாது என்று தெரிந்தும். ஆயில் மாற்றாத சோம்பேறி. எதிர்க் கம்பெனியின் கைக்கூலி. நடிப்புக்குக் கட்டுப் போட்டிருக்கிறான். பட்டிக்காட்டானுக்கு எதற்கு அமெரிக்கா வண்டி. எந்தக் கடலைத் தாண்டினாலும் இந்தச் சாக்கடை ஒன்றுதான் போலும். தமிழில் படிக்கும்போது இன்னும் நாறியது. அத்தான் அவற்றுக்கெல்லாம் இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா செல்போனைப் பிடுங்கி அரிசிப்பானைக்குள் போட்ட நாளும் உண்டு.

வண்டியை உடைத்து விற்கிறவர் வந்து எடுத்துப்போனார். விருதுநகரில் தேய்ந்த எஞ்சினைக் கடைந்து ரீபோர் செய்கிற ஒரு பட்டறையில், சாமான் ஆர்டர் போடவும் அளவு எடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. இப்போது அங்கே இருக்கிறேன். கை எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கிறது. லாரி எஞ்சினின் சிலிண்டருக்குள் அளக்கிற கருவியை விட்டு முள்ளைப் பார்த்துச் சொன்னால், அந்த அளவுக்குக் கடைகிறார்கள். அங்கே யாரும் என்னை எதையும் உயர்த்தி எழுதச் சொல்வதில்லை.

அத்தானின் மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. முழுதாகத் திரும்பாது. இப்போது வேறொருவருடைய வேனை ஓட்டுகிறார். அம்மா அதில்தான் வேலைக்குப் போகிறாள். பஸ்ஸுக்கு நேரமானால் நானும் கூட்டுரோடு வரை அதில் ஏறிக்கொள்வேன்.

போன வாரம் அப்படித்தான் ஏறினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அத்தானை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்கதான வீடியோவுல பெல்ட்டக் காட்டிப் பேசுனீக?" என்று கேட்டாள். அத்தான் வேனை ஓரமாக நிறுத்தினார். செல்போனை எடுத்து வீடியோவைப் போட்டுப் பின்னால் கொடுத்தார். அது கையிலிருந்து கைக்கு மாறி வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் கண்ணாடியில் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அந்த வேறொரு கம்பெனியின் பெயர் வந்ததும் ஒருத்தி கேட்டாள்.

"அந்த வண்டி அம்புட்டு நல்லதாண்ணே? எங்க வீட்டுல ஒண்ணு வாங்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்காக."

அத்தான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தாராளமா வாங்கலாம்" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் பையை எடுத்துக்கொண்டேன். "கூட்டுரோடு இன்னும் தூரமா இருக்கேத்தா" என்றாள். நடந்துக்கிறேன் என்று சொல்லி இறங்கினேன். கதவைச் சாத்துவதற்கு முன்னால், கேட்ட பெண்ணிடம், "வாங்குறதுக்கு முந்தி வண்டிய எங்க பட்டறைக்குக் கொண்டாரச் சொல்லுங்க. பிரிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். கண் திரையில்தான் இருந்தது.